ஹேவிங்: குழு நிபந்தனை

தரவுத்தளத்திலிருந்து தகவல் கேட்கும் மொழியான எஸ்.கியூ.எல். இல் எழுதும் வினவலில், குரூப் பை என்னும் பகுதி நிரைகளைத் திரட்டித் தரும் குழுக்களுள் எவை விடையில் நிற்க வேண்டும் என்பதை வரையறுக்கும் பகுதியே ஹேவிங் ஆகும்.

உடைமையைக் குறிக்கும் ஹேவ் என்ற ஆங்கில வினையின் எச்ச வடிவம் இது. பழைய ஆங்கிலத்தில் ஹப்பன் என வழங்கிய அவ்வினையின் வேருக்குப் பற்றுதல் என்பது பொருள். ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பினும், இலத்தீன் ஹபேரே இதற்கு உறவன்று, கபேரேயே உறவு. ஐ.பி.எம். நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974 இல் வெளியிட்ட சீக்குவெல் என்னும் வினவல் மொழி, ஆங்கில வாக்கியம்போல வாசிக்கத்தக்கதாக அமைந்தது. அதன் வழிவந்த எஸ்.கியூ.எல். 1986 இல் அமெரிக்க நியமமாக ஏற்கப்பட்டபோது ஹேவிங்கும் அதில் இடம்பெற்றது.

திருகோணமலை மாவட்ட மீன்பிடிப் பதிவு ஒன்றைக் கற்பனை செய்வோம். கிண்ணியாவில் மூன்று படகுகள் முறையே 400, 350, 450 கிலோவும், குச்சவெளியில் ஒரு படகு 700 கிலோவும் கரைசேர்த்தன. அட்டவணையில் படகுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு கிடைவரிசை. மொத்தம் 1000 கிலோவைக் கடந்த இறங்குதுறை எது என வினவும்போது, நிறை 1000 இலும் கூடியது என்ற நிபந்தனையை, நிரைகளைத் தெரிவுசெய்யும் வெயார் என்னும் பகுதியில் இட்டால் எந்த நிரையும் தேறாது. ஏனெனில் வெயார், குழுக்கள் உருவாகுமுன்பே ஒவ்வொரு நிரையையும் தனித்தனியே சோதிக்கிறது. கூட்டுத்தொகை 1000 இலும் கூடியது என ஹேவிங்கில் இட்டாலோ 1200 கிலோவுடன் கிண்ணியா கிடைக்கும். இரண்டையும் ஒரே வினவலில் இடலாம். ஆனால் 400 இலும் கூடிய நிரைகள் மட்டும் என வெயார் முதலில் கழித்துவிட்டால், கிண்ணியாவின் கூட்டுத்தொகை 450 ஆகச் சுருங்கி, அதுவும் விடையிலிருந்து விழுந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது என்பதால் இத்தவறு எளிதில் பிடிபடுவதில்லை.

தமிழில் இதற்கு நேரான வடிவம் 'கொண்ட' என்னும் பெயரெச்சம்: 1000 கிலோவுக்கு மேற்பட்ட கூட்டுத்தொகையைக் கொண்ட குழுக்கள். வாக்கியத்தில் இது பொருந்தினாலும், தனித்து நிற்கும் கலைச்சொல்லாகாது. 'உடைத்தல்' என ஆக்கினால் நொறுக்குதல் என்ற பொருளே முந்தும். 'வடிகட்டல்' வெயாருக்கும் பொதுவானது. ஆகவே வெயாரை நிரை நிபந்தனை எனவும், ஹேவிங்கைக் குழு நிபந்தனை எனவும் வழங்குவதே தெளிவு. குரூப் பை இல்லாமல் ஹேவிங் மட்டும் வரும் வினவலுக்கும் இப்பெயர் பொருந்தும். அங்கே வெயாரில் தேறிய நிரைகள் யாவும் ஒரே குழுவாகக் கொள்ளப்படுகின்றன.