ஹவாயில் கடலாமையைத் தொடக்கூடாது: சட்டம் சொல்வது என்ன?

ஹவாய்க்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க ஆசைப்படுவது பச்சைக் கடலாமையை. அங்கே அதன் பெயர் ஹோனு. ஒவாஹு தீவின் லனியாகேயா கடற்கரையிலும், 'பெரிய தீவு' எனப்படும் ஹவாய்த் தீவிலுள்ள புனலூவின் கறுப்பு மணலிலும் கரையேறி வெயில் காயும். அதைப் பிடிப்பதும் கொல்வதும் மட்டுமல்ல, தொட்டோ துரத்தியோ தொல்லை கொடுப்பதும் குற்றம்தான். முதலில் 1974-இல் மாநில அரசு பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பட்டியலிலும் 1978-இல் இது சேர்க்கப்பட்டது. மீறினால் அபராதம் உண்டு, சிறைக்கும் இடமிருக்கிறது.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்? சட்டத்தில் அடிக்கணக்கு இல்லை. குறைந்தது 10 அடி என்பது அதிகாரிகள் தரும் வழிகாட்டுதல். கரையிலும் நீருக்குள்ளும் இதேதான். மணலில் அசையாமல் கிடக்கும் ஆமையைப் பார்த்து, பாவம், ஒதுங்கிவிட்டது என்று கடலுக்குள் தள்ளிவிடப் போகாதீர்கள். அது ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இது உள்ளூர்க்காரர்களுக்கும் பொருந்துமா? பொருந்தும். விவகாரமே இங்கேதான் இருக்கிறது. ஹவாய்ப் பூர்வகுடிகளில் சில குடும்பங்களுக்கு ஹோனு அவ்மாகுவா, அதாவது குலத்தைக் காக்கும் மூதாதை. புனலூவில் கவிலா என்ற ஆமை பெண் உருவெடுத்துக் கரையில் விளையாடும் பிள்ளைகளைக் காத்ததாகக் கதை உண்டு. அதே சமூகத்தில் ஆமைக்கறி உணவாகவும் இருந்தது. கும்பிட்டவர்களும் சாப்பிட்டவர்களும் ஒரே தீவுக்காரர்கள். இருபதாம் நூற்றாண்டில் உணவகங்களுக்காகவும் பிடிக்கத் தொடங்கியபோதுதான் நிலைமை கைமீறியது. 1973-இல் முக்கிய முட்டையிடும் இடமான கிழக்குத் தீவில் எண்ணப்பட்ட தாய் ஆமைகள் வெறும் 67.

அலாஸ்காவின் பூர்வகுடிகள் உணவுத் தேவைக்காக வேட்டையாட அந்தக் கூட்டாட்சிச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஹவாய்க்காரர்களுக்கு இல்லை. இந்த வேறுபாட்டுக்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. தடைக்குப் பின் ஆமைகள் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் பெருகின. அதனால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து இவற்றை நீக்கச் சொல்லி ஹவாய்க் குடிமைச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012-இல் மனுக் கொடுத்தது.

மனு ஏற்கப்படவில்லை. 2016-இல் வந்த இறுதி விதியிலும் ஹவாய் ஆமைகள் 'அச்சுறுத்தலுக்கு உள்ளானவை' என்ற வகையிலேயே நீடித்தன. எண்ணிக்கை கூடினாலும், 90 சதவீதத்துக்கு மேல் முட்டையிடுவது லாலோ என்ற ஒரே பவளத்திட்டில்தான், கடல்மட்டம் உயர்ந்தால் தாழ்வான அந்த மணல்தீவுகள் தாங்காது என்பது முக்கியக் காரணம். வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. லாலோவில் பாதியளவு ஆமைகள் முட்டையிட்டு வந்த அந்தக் கிழக்குத் தீவின் பெரும்பகுதியை 2018 அக்டோபரில் வலாகா புயல் கரைத்துவிட்டது.