குடிக்காதவருக்கு ஏன் ஈரலில் புற்று?

போன வாரமும் ஒருவர். வயது 42, நிலக்கடலை விவசாயி. வயிறு நிறைய நீர் கோத்து, கண் மஞ்சளித்து வந்தார். ஸ்கேனைப் பார்த்தேன், செய்வதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. வெளியே நின்ற அண்ணன் முதலில் கேட்டது: "டாக்டர், தம்பி எங்களுக்குத் தெரியாமல் குடித்தானா?"

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் காம்பியாவுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து இதே கேள்வி! இங்கே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள், பெரும்பாலோர் மதுவைத் தொட்டதே இல்லை. ஆனாலும் ஆண்களிடம் ஈரல் புற்றுதான் முதலிடம். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுக்கு அடுத்து இதுதான். இது என் ஊகமில்லை, 1986 முதல் நாடு முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. குடிதான் காரணம் என்றால் இந்தக் கணக்கு எங்கிருந்து வரும்? குடி ஈரலைக் கெடுக்கும், சரி. அதற்காக ஈரல் கெட்டவரெல்லாம் குடிகாரரா? சாகக் கிடக்கிறவர் தலையில் இந்தப் பழியையும் ஏற்றுகிறார்கள். மனைவி தலை குனிந்து நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிதான் பெரும் காரணம். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளிடமிருந்தே தொற்றி, முப்பது வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும். கூடவே கடலையில் பிடிக்கும் பூசணத்தின் நஞ்சு, அஃப்ளாடாக்சின். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. நல்ல கடலையை விற்றுவிட்டுச் சொத்தையை வீட்டுக் குழம்புக்கு ஒதுக்கும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஓ.பி.யில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். கடலையை நன்றாகக் காயவையுங்கள், ஈரத்தரையில் மூட்டையைப் போடாதீர்கள். சுருங்கியது, நிறம் மாறியது எல்லாம் குப்பைக்கு. ஆட்டுக்கும் வேண்டாம். வறுத்தால் நஞ்சு போய்விடும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், போகாது. குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் ஊசி. பெயர்சூட்டு விழா முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், தயவுசெய்து. அப்புறம், கிருமி இருக்கிறவருக்குத் தனித்தட்டு வைக்காதீர்கள். ஒரே தாம்பாளத்தில் கைவிட்டுச் சாப்பிடுவதால் இது பரவாது.

குழந்தைகளுக்கான ஊசி இங்கே 1986இல் தொடங்கி, 1990க்குள் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. நம் நோயாளி அதற்கு முன்பே பிறந்துவிட்டவர். அண்ணனும்தான். குடியைப் பற்றிப் பேசியது போதும் என்று சொல்லி, அவரை அங்கேயே உட்காரவைத்து ரத்தம் எடுக்கச் சொன்னேன்.