கொய்யா ஜெல்லியின் பதம்

ஆயக்குடிச் சந்தையில் கொய்யா மலிந்து கிடக்கும் நாட்களில் எங்கள் அம்மாச்சி ஒரு கூடை வாங்கிவிடுவார். அதில் பாதியாவது செங்காயாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு. நன்றாகப் பழுத்ததை எங்களுக்குச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, செங்காய்களை நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி வேகவைப்பார். வெந்ததைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டால் இரவெல்லாம் சாறு சொட்டும். பொறுக்காமல் பிழிந்தால் திட்டு விழும். சதைத் துணுக்கும் சேர்ந்து இறங்கி ஜெல்லி கலங்கிப்போகும். மறுநாள் சாற்றில் சீனியும் எலுமிச்சையும் சேர்த்துக் கொதிக்கவிட, வெளிறிக் கிடந்தது தேன் நிறமாகி, மெல்லச் சிவந்து வரும். கடைசியில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்ப்பார். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது. அடுப்பை அணைத்தபின் பாத்திரத்து அடி எங்களுக்கு. இளஞ்சூட்டில் அதை வழித்துத் தின்ற சுவைக்கு இன்றுவரை நான் இணை கண்டதில்லை.

தண்ணீர் போல ஓடிய சாறு எப்படி உறைகிறது? காரணம் பெக்டின். செடிகளின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் இயற்கைப் பசை அது. 1825-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோன்னோ அதைப் பிரித்தெடுத்து, உறைதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரும் வைத்தார். காய் கெட்டியாக இருப்பதில் இந்தப் பசைக்குப் பெரும் பங்கு உண்டு. பழுக்கும்போது பழத்திலுள்ள நொதிகள் பெக்டினின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுவதால்தான் பழம் குழைகிறது. குழைந்த பழத்தில் மணமும் இனிப்பும் ஏராளம், ஆனால் உறையவைக்கும் வலு குறைவு. அம்மாச்சி செங்காய் தேடியதன் பின்னால் இருந்த வேதியியல் இவ்வளவுதான்.

பெக்டின் மட்டும் இருந்தால் போதாது. சாற்றில் மிதக்கும் அதன் சங்கிலிகள் எல்லாமே ஒரேமாதிரி எதிர் (நெகட்டிவ்) மின்சுமை கொண்டவை, அதனால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். போதாததற்கு ஒவ்வொரு சங்கிலியையும் தண்ணீர் மூலக்கூறுகள் போர்வைபோல மூடியிருக்கும். எலுமிச்சையின் அமிலம் அந்த மின்சுமையைத் தணித்து விலக்கலைக் குறைக்கிறது. தண்ணீர்ப் போர்வையை உரிப்பது சீனியின் வேலை. சீனிக்குத் தண்ணீர்மேல் அப்படியொரு ஈர்ப்பு. பெக்டினைச் சுற்றியிருந்ததையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். போர்வை இழந்த சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைந்து, ஆற ஆற மீன்வலைபோல ஒரு பின்னலாகின்றன. சாறு அந்த வலைக்குள் மாட்டிக்கொள்கிறது. ஜெல்லியை வெட்டினால் துண்டாக நிற்பதும் தொட்டால் நடுங்குவதும் இதனால்தான்.

அமிலம் இன்னொரு உபகாரமும் செய்கிறது. கொதியில் சீனியின் ஒரு பகுதியை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிரித்துவிடுகிறது. மூன்றும் கலந்து கிடக்கையில் எளிதில் படிகமாகாது. எலுமிச்சை பிழிய மறந்த ஜாம் சில வாரத்தில் நறநறவென்று கல்கண்டு தட்டுவது இதனால்தான்.

சரி, பதத்தை வெப்பமானி வைத்தும் பார்க்கலாம். தண்ணீர் ஆவியாகி சீனியின் செறிவு கூடக்கூடக் கொதிநிலையும் ஏறும். சமவெளியில் 105 டிகிரி செல்சியஸை ஒட்டினால் பதம். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடுவதால், அங்கே 98 வந்தாலே இறக்க வேண்டும். உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் ஐந்து டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டியும் தொடர்ந்து கொதிக்கவிட்டால் பெக்டின் சங்கிலிகளே அறுந்துபோகும். பிறகு எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகுதான் கிடைக்கும், ஜெல்லி கிடைக்காது.

உறைவது ஒரு பக்கம். மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது இன்னும் பெரிய அதிசயம். நுண்ணுயிரிகளுக்கும் தண்ணீர் வேண்டும், அதுவும் எதனுடனும் பிணையாத தண்ணீர். அந்தப் பிணையாத தண்ணீரை நீர்ச்செயல்பாடு என்ற அளவால் குறிக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே பெருகுவதில்லை. ஜாமில் அது 0.8-ஐ ஒட்டி இருக்கும், தேனில் 0.6 அளவுக்கு இறங்கிவிடும். ஜாமில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் சீனியின் பிடியில் இருக்கிறது. ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று நம் நாட்டு உணவுத் தர விதி சொல்வதன் பொருளும் இதுவே. சீனியைக் குறைத்து வீட்டில் ஜாம் செய்கிறவர்கள் அதைக் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.

தேன் நெல்லியிலும் இதே கதைதான். தேனில் கிடக்கும் நெல்லி சுருங்குவதையும் மேலே தேன் நீர்த்துப்போவதையும் பார்த்திருப்பீர்கள். காயின் நீர் தேனுக்குள் போகிறது, இனிப்பு காய்க்குள் வருகிறது. பழனிப் பஞ்சாமிர்தம் இன்னும் துணிச்சலானது. விருப்பாச்சி மலைவாழையோடு நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கல்கண்டு, தேன், நெய், ஏலம் எல்லாம் சேரும், ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது. வாழையில் இருக்கும் ஈரத்தையும் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பிரசாதத்தை நான் பழப்பாகுக் கலையின் உச்சம் என்றே சொல்வேன்.

மேற்கே இந்தக் கலை குயின்ஸ் என்ற பழத்தில் வளர்ந்தது. ஆப்பிளுக்கு உறவான அது பச்சையாகத் தின்ன முடியாத அளவுக்குக் கெட்டி, துவர்ப்பு. ஆனால் உள்ளே பெக்டின் கொட்டிக்கிடக்கிறது. ரோமானியர்கள் அதைத் தேனில் ஊறவைத்தார்கள். கரும்புச் சர்க்கரை இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போனபிறகு, தேனின் இடத்தைச் சர்க்கரை பிடித்தது. போர்ச்சுக்கீசியர் குயின்ஸை ‘மார்மெலோ’ என்பார்கள். அதைக் காய்ச்சி வில்லையாக வெட்டிய இனிப்பு ‘மார்மெலாடா’. ஆரஞ்சுத் தோல் போட்டு இன்று நாம் சாப்பிடும் மார்மலேடுக்குப் பெயர் அங்கிருந்து வந்தது. கடல் கடந்து பிரேசிலுக்குப் போனவர்கள், வெப்பநாட்டில் குயின்ஸுக்கு மாற்றாகக் கொய்யாவைக் கண்டுகொண்டார்கள். அதே கொய்யா அவர்கள் கப்பலில் நம் பக்கம் வந்தது. கோவாவில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ‘பெராடு’ என்ற கொய்யா வில்லை அந்தப் பயணத்தின் மிச்சம். குயின்ஸைப் போலவே கொய்யாவிலும் பெக்டின் அதிகம். பெக்டின் என்ற பெயரே இல்லாத காலத்தில் கரண்டியும் விரலும் வைத்து அதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அம்மாச்சிக்கும் பெக்டின் தெரியாது. ஆனால் ஜெல்லி பாட்டிலில் ஈரக் கரண்டியை விட்டால் யாரையும் சும்மா விடமாட்டார். கரண்டியில் ஒட்டிய நாலு சொட்டுத் தண்ணீர் ஜெல்லியின் மேற்பரப்பை அந்த இடத்தில் மட்டும் நீர்க்கச் செய்துவிடும். சீனியின் பிடி அங்கே தளரும். இரண்டு வாரம் கழித்துப் பச்சைப் பூஞ்சணம் பூப்பதும் அதே இடத்தில்தான்.