கொடை மேடையும் எம்.பி. நிதியும்

வக்கீல்கள் பேச்சில் கட்சிக்காரர் என்றால் வழக்கோடு வருபவர். தேர்தல் வந்துவிட்டால் இரண்டு வகைக் கட்சிக்காரர்களும் ஆபீசுக்கு வருவார்கள். அப்படித்தான் ஒருமுறை, ஒரு கிராமத்து அம்மன் கோயில் கொடை விழாக் கமிட்டிச் செயலாளர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து விரித்தார். அம்மன் படம் எவ்வளவு பெரிதோ, மறுபடி நிற்கிற எம்.பி.யின் படமும் அவ்வளவு பெரிது.

“மேடையில ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போறேன்னாரு சார். கோயில் இடத்துல மண்டபம் கட்ட எம்.பி. நிதியும் தர்றாராம்.”

அச்சடித்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்டேன். புரூஃப்தான் என்றார். சரி, பிழைத்தார்.

சமய நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-ல் மத்திய அரசு போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. வக்கீல்களிலேயே பலர் அதைப் புரட்டியிருக்க மாட்டார்கள். கோயிலோ மசூதியோ சர்ச்சோ, அதன் இடத்தையும் பணத்தையும் மட்டுமல்ல, அது நடத்தும் திருவிழா, ஊர்வலத்தையும் அரசியலுக்கு விடக் கூடாது. வேட்பாளருக்காகப் பேசுவதும் அதில் அடக்கம். மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பேசியவர் மட்டுமல்ல, மேடை கொடுத்த நிர்வாகியும் குற்றவாளி. பேசியவருக்குப் பின்னால் ஒரு கட்சி நிற்கும். செயலாளருக்குப் பின்னால் யார் நிற்பார்கள்?

அடுத்தது பணம். எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. எம்.பி. பரிந்துரைக்கத்தான் முடியும், வேலைக்கு அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். வழிபாட்டுத் தலத்துக்குள்ளும் மத அமைப்புக்குச் சொந்தமான நிலத்திலும் இந்த நிதியில் வேலை செய்யக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. எந்த மதமானாலும் இதுதான்.

அப்போ அரசு மதத்துக்குப் பணமே தரக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 27-வது பிரிவு. ஹஜ் மானிய வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், வரிப்பணத்தில் கணிசமான பங்கு ஒரு மதத்துக்குப் போனால்தான் அந்தப் பிரிவு மீறப்படும் என்றது. கணிசம் என்றால் எவ்வளவு? அதில்தான் எல்லா அரசுகளும் விளையாடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

நோட்டீஸில் அம்மன் மட்டும் மிஞ்சினாள். எம்.பி. வந்தார், கும்பிட்டார், திருநீறு வாங்கிக்கொண்டு கிளம்பினார். மைக் பக்கம் போகவில்லை. மண்டபத்துக்காக இப்போது ஊருக்குள் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.