இலைத் தண்ணீர்தானே என்று இனிச் சொல்லாதீர்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. கிளினிக்கின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டப் போனேன். ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஓட்டியவர் சித்தப்பா, பின்னால் தந்தை, இருவருக்கும் இடையில் தலை தொங்கிய நிலையில் 16 வயதுப் பையன். உதட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அவன் மார்பில் கையை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 7 மூச்சு. அந்த வயதில் 12-க்குக் கீழே போகக் கூடாது.

"என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டேன்.

"மத்தியானம் கோயிலில் அன்னதானம், டாக்டர். அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது."

"வேறு என்ன குடித்தான்?"

"ஒன்றும் இல்லை."

மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதே பதில். ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது. நர்ஸ் அவன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். நான் அவன் முகத்தில் முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சித்தப்பா தரையைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார். "கொஞ்சம் இலைத் தண்ணீர் குடித்திருப்பான். இலைத் தண்ணீர்தானே, டாக்டர்? நாங்களும் குடித்தவர்கள்தானே?"

பையன் பிழைத்தான். மாவட்ட மருத்துவமனையில் சில நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து திரும்பி வந்தான். அவனை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி விவரங்களை மாற்றியே இங்கே எழுதுகிறேன். ஆனால் அந்த 'தானே' என்ற சொல்லை மாற்றவில்லை. மலேசியாவின் கெடா மாநிலத்தில், இந்தத் தோட்டப்புறச் சிற்றூரில் வைத்தியம் பார்க்கும் எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு மனம் வெந்துவிட்டது. இலைதானே, இருமல் மருந்துதானே, திருவிழாவுக்கு ஒரு நாள்தானே, ஆண்பிள்ளைதானே என்று ஒவ்வொரு முறையும் ஒரு 'தானே'யைச் சொல்லித்தான் பிள்ளையை என் மேசைமேல் கொண்டுவந்து கிடத்துகிறார்கள்.

அந்த இலைத் தண்ணீர் கெத்தும் இலையில் காய்ச்சியது. கெத்தும் எது என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆற்றோரத்திலும் கம்பம் எனும் மலாய்க் கிராமத்துக் கொல்லையிலும் நிற்கும் மரம் அது. அதன் இலையை மென்றுவிட்டோ கொதிக்க வைத்துக் குடித்துவிட்டோ வெயிலில் வேலைக்குப் போனவர்கள் நம் தாத்தாக்களில் உண்டு. உடல்வலி தெரியாது, அலுப்புத் தெரியாது என்பார்கள். அது உண்மைதான். ஏன் வலி தெரியவில்லை என்று ஒருவரும் யோசித்ததில்லை. அந்த இலையிலுள்ள மித்ராகைனின் என்ற பொருள், அபினியும் மார்ஃபினும் மூளையில் எந்த இடத்தைப் பிடிக்கின்றனவோ அதே இடத்தைப் பிடிக்கிறது. அதனால்தான் வலி மறைகிறது. அதனால்தான் நாள்தோறும் குடிப்பவன் ஒரு நாள் விட்டாலும் மூக்கு ஒழுக, எலும்பெல்லாம் குடைய, இரவெல்லாம் உருண்டு புரண்டு, எரிந்து விழுகிறான். "என் பையனுக்கு அடிக்கடி சளிக்காய்ச்சல் வருகிறது, டாக்டர்" என்று ஒரு தாய் மூன்று மாதத்தில் நான்கு தடவை அழைத்துவந்தார். அந்தப் பையனுக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. கையில் காசு தீர்ந்த நாள்களில் அவனுக்கு அப்படி வந்தது.

இயற்கை என்கிறார்கள். அரளியும் இயற்கைதான். அபினியும் ஒரு செடியின் பால்தான். இலையில் விளைந்தது கெடுதல் செய்யாது என்ற இந்த நம்பிக்கையோடு எத்தனை ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் சொல்கிறார்கள். ஒருவர் கைப்பேசியை நீட்டி, வெளிநாட்டில் இதை மாத்திரையாகவே விற்கிறார்கள் என்று காட்டினார். விற்கலாம். நம் நாட்டில் மித்ராகைனின் 1952 ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமமின்றி விற்றாலோ வைத்திருந்தாலோ 10,000 ரிங்கிட் வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தின் பெயரிலேயே நஞ்சு என்று எழுதியிருக்கிறது.

தாத்தா குடித்ததும் பேரன் குடிப்பதும் ஒன்றல்ல. தாத்தா இலையை மட்டும் கொதிக்க வைத்தார். பேரன் வாங்குவது, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பொட்டலம். ஒரு தாய் தம் மகனின் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்த பொட்டலத்தை என்னிடம் கொண்டுவந்தார். வடித்த தேநீர் நிறம், அடியில் கசடு. திறந்தால் பச்சிலைக் கசப்போடு இருமல் மருந்தின் இனிப்பு நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறியது. அதற்குள் வேறென்ன கலந்திருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது. இருமல் மருந்திலுள்ள அபினி வகையான கோடீன் இருக்கலாம், தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து இருக்கலாம், பொடித்த மாத்திரை இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக மந்தப்படுத்தும். மேலே இரண்டு பீரும் சேர்ந்தால், தூக்கத்திலேயே மூச்சு நிற்கலாம். அன்று அந்தப் பையனுக்கு நடக்கவிருந்தது அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், என் தொழில் சார்ந்தது. பள்ளியில் எடுத்த சிறுநீர்ச் சோதனை முடிவைக் கொண்டுவந்து, "பாருங்கள், ஒன்றும் இல்லை, பிள்ளை சுத்தம்" என்று சண்டைக்கே வந்த தந்தையர் உண்டு. வழக்கமான சோதனைப் பட்டையில் கெத்தும் தெரியாது. அதற்கென்று தனிச் சோதனை இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காகிதத்தைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். இளைத்துப்போகிறானா, கன்னம் கறுக்கிறதா, நாலைந்து நாளாக மலம் கழியவில்லையா, வாய் காய்ந்து ஓயாமல் தண்ணீர் குடிக்கிறானா, வீட்டில் இருமல் மருந்துப் புட்டிகள் காணாமல் போகின்றனவா? கவனித்தால் கண்டுபிடித்துவிடலாம்.

மதுவுக்கு வருகிறேன். 2017 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது குற்றம். அதற்கு முன் 18 ஆக இருந்தது. இந்த ஊர்க் கடைக்காரர்கள் எத்தனை பேர் அடையாள அட்டையைக் கேட்கிறார்கள்? கடைக்காரரை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? "தம்பி, போய் மாமாவுக்கு இரண்டு டின் வாங்கி வா" என்று காசு கொடுத்து அனுப்புவது நாம்தான். இழவு வீட்டில் பந்தலுக்குப் பின்னால், கல்யாண வீட்டில் காருக்குப் பின்னால், "இனி நீ பெரிய ஆள்" என்று முதல் கிண்ணத்தை நீட்டுவதும் நம் வீட்டு மனிதர்தான். என்னிடம் வந்த பிள்ளைகளிடம் முதலில் யார் கொடுத்தார் என்று கேட்டால், முன்பின் தெரியாதவனைச் சொல்பவர்கள் குறைவு. மாமா, சித்தப்பா, அண்ணன், அண்ணனின் கூட்டாளி என்றுதான் சொல்கிறார்கள்.

என் கண்ணெதிரே குடித்தால் கட்டுக்குள் இருப்பான் என்று நம்பும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பழகியவன் வெளியில் போய்க் குறைத்துக் குடித்ததை நான் பார்த்ததில்லை. கையில் காசில்லாத பிள்ளை மலிவான சரக்கைத்தான் தேடுவான். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மலிவு மது பல உயிர்களைக் கொண்டுபோனது நினைவிருக்கட்டும். மெத்தனாலின் கொடுமை என்னவென்றால், குடித்த அன்று சாதாரணப் போதைதான் தெரியும். அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் வயிறு வலித்து, மூச்சு வாங்கி, கண் மங்கும். மறுநாள் ஒரு பிள்ளை "பார்வை பனிமூட்டம்போல் இருக்கிறது" என்றால், தலைவலித் தைலத்தைத் தேடாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

படுத்துத் தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும் என்பதுதான் எங்களை அதிகமாகக் கையறு நிலையில் நிறுத்தும் வாக்கியம். எழுப்பினால் எழாத பிள்ளை தூங்கவில்லை. வெறும் வயிற்றில் குடித்த இளம்பிள்ளைக்கு இரத்தச் சர்க்கரையும் இறங்கும், ஏனென்றால் மதுவோடு மல்லாடும் கல்லீரலால் சர்க்கரையை உண்டாக்க முடியாது. மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆகவே ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேல் காலை மடக்கி, வாய் தரையைப் பார்க்கும்படி. பக்கத்திலேயே உட்காருங்கள், மூச்சை எண்ணுங்கள். தட்டியும் கிள்ளியும் கண் திறக்காவிட்டால், மூச்சு மெதுவானால், குறட்டைபோல் இழுத்தால், வலிப்பு வந்தால், உதடு நீலமானால் 999-ஐ அழையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், கடுங்காப்பி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குளியலறையில் கிடத்தித் தலையில் தண்ணீர் கொட்டாதீர்கள். முக்கியமாக, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுவராதீர்கள். தலை தொங்கினால் மூச்சு அடைபடும்.

உண்மையைச் சொல்லுங்கள். மானம் போகும் என்று நீங்கள் மறைக்கும் பத்து நிமிடத்தில் நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பேன். என்ன குடித்தான், எப்போது, எவ்வளவு, கூட என்ன மாத்திரை என்ற நான்கு கேள்விக்கும் பதில் வேண்டும். திட்டுவதற்காக நான் கேட்கவில்லை.

அதன் பிறகு என்ன செய்வது? இங்கேதான் நம் வீடுகள் தடுமாறுகின்றன. பெல்ட்டால் அடிக்கிறார்கள், மொட்டை அடிக்கிறார்கள், அறையில் பூட்டுகிறார்கள், ஜொகூரில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு அனுப்புகிறார்கள், சாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்குகிறார்கள். சத்தியம் செய்யும்போது பிள்ளை மனப்பூர்வமாகத்தான் செய்கிறான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாம் இரவு எலும்பு குடையும்போது அந்தச் சத்தியம் அவனைத் தாங்காது. அவனுக்குத் தேவை வைத்தியம். நாள்தோறும் குடித்தவன் எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரோடு சேர்ந்து திட்டமிட வேண்டும். மயக்க மாத்திரையும் சேர்த்துப் பழகியவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். தூக்கத்துக்கும் வலிக்கும் உதவி கிடைக்கும், மனநலப் பிரிவுக்குக் கடிதம் கிடைக்கும். "எல்லாவற்றுக்கும் மெத்தடோன் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் 2005-லிருந்து தரப்படும் அந்த மருந்து ஹெராயின் போன்ற அபினி வகைக்குத்தான். சியாபு எனும் மெத்தம்ஃபெட்டமின் பிடித்தவனுக்கு அது ஒன்றும் செய்யாது. சியாபுக்கு மருந்தைவிடப் பேச்சும் பொறுமையும் ஒழுங்கான நாள்களும்தான் வேலை செய்கின்றன.

போலீஸ், லாக்கப் என்ற பயம் எனக்குப் புரிகிறது. போதைப்பொருள் சார்ந்தோர் சிகிச்சைக்கான 1983 ஆம் ஆண்டுச் சட்டம் தானாக முன்வருவோருக்கும் வழி வைத்திருக்கிறது. வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோரே தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தை அணுகலாம். பிடிபட்டபின் போவதும் தானாகப் போவதும் வேறு வேறு. யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) அரசு உதவி எண்ணில் பேசுங்கள், எந்நேரமும் ஆள் இருக்கும்.

ஒரு வேண்டுகோள், அம்மாமார்களே. போதையில் இருப்பவனிடம் பேசாதீர்கள், அது வீண். மறுநாள் சாயங்காலம், அவன் சாப்பிட்டபின், வேறு யாரும் இல்லாதபோது பேசுங்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று தொடங்கினால் வாயை மூடிக்கொள்வான். "இரவில் தூக்கம் வருகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். என் அறையில் அந்த ஒரு கேள்விக்கே உடைந்து அழுத பையன்கள் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன் இடைநிலைப் பள்ளியில் பாடம் புரியாமல் கடைசி வரிசைக்குப் போயிருப்பான். அப்பா இரவு ஷிப்ட், அம்மா விடியற்காலைத் தொழிற்சாலை வேன், வீட்டில் அவன் மட்டும். தோட்டம் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் காலியானபோது, பிள்ளைகள் பந்து விளையாடிய திடலும் போய்விட்டது. புதிய அடுக்குமாடியில் மாலையில் போக இடமில்லை. போக இடம் இருப்பவனுக்கு அந்தப் பொட்டலம் அவ்வளவு வேண்டியிருக்காது.

நம் முன்னோர் இதை வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. 1947-இல் இதே கெடாவில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பீடோங் வட்டாரத்தில், தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராக மறியல் செய்து தடியடி பட்டார்கள். அவர்களும் பால்மரம் சீவிய பிள்ளைகள்தான். கோயில் கமிட்டியினரைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டுத் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒரு பந்துத் திடலுக்கு வாடகையாகக் கொடுங்கள். சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் டின்னோடு வரும் கூட்டத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்காதீர்கள்.

அந்தப் பையன் இப்போது வாரம் ஒரு தடவை வருகிறான். ஒரு தடவை மறுபடியும் குடித்துவிட்டான், அவனே வந்து சொன்னான். நான் தேதியைக் குறித்துக்கொண்டு அடுத்த வாரத்துக்கு நேரம் கொடுத்தேன். சித்தப்பாதான் அழைத்துவருகிறார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் சந்தேகம் இருந்தால் அழைத்துவாருங்கள். அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் வாருங்கள். இருக்கைக்கு அடியில் கிடைத்த பொட்டலத்தையும் புட்டியையும் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள், ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள்.