இன்டர்கூலருக்கு உள்பக்கமும் உண்டு

டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் குளிர்விக்கும் பெட்டிதான் இன்டர்கூலர். அந்த வேலையை வேறெங்கோ சொதப்பிவிட்டு என்னிடம் வருவதில், இந்த மாதம் இது மூன்றாவது வண்டி. முதல் இரண்டையும் சரி, தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று விட்டேன். மூன்றாவதைக் கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறை வாசலில் நிறுத்தியதும் பொறுக்கவில்லை, எழுதுகிறேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி அடிக்கும் டீசல் பிக்கப். டர்போவில் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) சீல் போய் ஆயிலைக் கக்கியிருக்கிறது. வேறொரு இடத்தில் டர்போவை மாற்றியிருக்கிறார்கள், அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடவே இன்டர்கூலரைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, பத்து நிமிஷம் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே மாட்டிவிட்டார்கள். ஐடிலில் ஒன்றும் தெரியவில்லை. லோடோடு மேம்பாலம் ஏறும்போது டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்த, இன்டர்கூலர் அடியில் தேங்கி நின்ற மண்ணெண்ணெயும் ஆயிலும் காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போய்விட்டது. காலை எடுத்த பிறகும் வண்டி தானாக ரெய்ஸ் ஆகிறது, பின்னால் ஊரே மறைகிற மாதிரி புகை, சாவியை ஆஃப் பண்ணியும் நிற்கவில்லை. அந்தத் தம்பி கெட்டிக்காரர். ஓரம்கட்டி நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்தபடி கிளட்ச்சை விட்டு எஞ்சினை அடக்கியிருக்கிறார். நாங்கள் பிரித்துப் பார்த்தபோது ஒரு கனெக்டிங் ராடு வளைந்திருந்தது.

டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. சாவி நிறுத்துவது டீசலைத்தான். எரிகிற எதுவும் காற்று வழியாக வந்தால் அதை வைத்தே அது ஓடும். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், எதில் கழுவினாலும் கதை இதுதான்.

சரி, எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது இதுகூட இல்லை. "இன்டர்கூலர் சர்வீஸ் பண்ணியாச்சு" என்கிறார்களே, என்ன பண்ணினீர்கள் என்று கேட்டால் வாட்டர் சர்வீஸில் முன்னால் நின்று பிரஷர் அடித்தோம் என்கிறார்கள். இது ரேடியேட்டருக்குத் தம்பி இல்லை. இதில் தண்ணீர் ஓடாது, கூலன்ட் ஊற்ற வாயும் கிடையாது (எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்). சில புது கார்களில் தண்ணீரால் குளிர்விக்கும் வகை வருகிறது, அதை விடுங்கள். நம் ஊர் லாரி, பிக்கப், ஜீப் பெரும்பாலானவற்றில் உள்ளே ஓடுவதும் காற்று, வெளியே அடிப்பதும் காற்று. டர்போவை விட்டு 100 டிகிரிக்கு மேல் சூடாக வரும் காற்று உள்ளே போகிறது. அதோடு எஞ்சின் பிரீதரிலிருந்து (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) வரும் ஆயில் ஆவியும் போகிறது. அது வருஷக்கணக்கில் உள்சுவரில் படிகிறது. வெளியே எவ்வளவு பளபளவென்று கழுவினாலும் அந்தப் படிவு அங்கேயேதான் இருக்கும். போதாக்குறைக்கு அந்தப் பிரஷர் தண்ணீர் வெளியே இருக்கும் மெல்லிய தகடுகளை, அதாவது ஃபின்களை மடக்கி, காற்று புகும் வழியையும் அடைத்துவிடுகிறது. அழுக்கை எடுக்கப் போய் காற்றை நிறுத்திவிட்டு வருகிறீர்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு கூத்து. இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றியதும் விரலில் ஆயில் பிசுபிசுத்தால் "டர்போ போச்சு" என்று எஸ்டிமேட் நீட்டுவது. மெல்லிய படலம் இருப்பது சகஜம். ஹோஸைச் சாய்த்ததும் ஆயில் வழிந்து ஊற்றினால் மட்டும் சந்தேகப்படுங்கள். டர்போவின் காற்று இழுக்கும் பக்கத்து ஹோஸை எடுத்துவிட்டு ஷாஃப்ட்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மி ஆடினால் பயமில்லை. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை ஹவுசிங்கில் உரசிய கோடு தெரிந்தாலோ அது போய்விட்டது. இறக்கை உடைந்த டர்போ என்றால் இன்டர்கூலரையும் மாற்றிவிடுங்கள், தயவுசெய்து. அந்தச் சந்துகளில் சிக்கிய உலோகத் துணுக்கு எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டேன் என்று எந்த மெக்கானிக்கும் சத்தியம் பண்ண முடியாது.

லோடில் வண்டி இழுக்கவில்லை, கரும்புகை, மைலேஜ் குறைகிறது என்று வருகிற வண்டிக்கு இன்ஜெக்டர் வரை மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். முதலில் ஹோஸ் வரும் வழி முழுக்கக் கையை விட்டுத் தடவுங்கள். கசியும் இடத்தில் ஆயிலும் தூசியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கும். ஒருவர் ரெய்ஸ் பண்ண, இன்னொருவர் காதைக் கொடுத்தால் 'உஸ்' என்ற சத்தமும் கேட்கும். அந்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுக்கம்பி போடாதீர்கள், ஹோஸை மாற்றுங்கள். இன்டர்கூலரின் இரு முனையிலும் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் வரும் விரிசலுக்குப் பசை பூசுவதும் இதே கணக்குத்தான், முதல் மேடு வரைக்கும் தாங்கும்.

கழுவுகிற முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வண்டியிலிருந்து இறக்குங்கள். தண்ணீரில் கரையும், அலுமினியத்தை அரிக்காத டீகிரீசரை (ஆயில் பிசுக்கை எடுக்கும் திரவம்) உள்ளே ஊற்றி ஊறவிட்டு, வெந்நீரில் அலசுங்கள், வெளியே வரும் தண்ணீர் தெளியும் வரை. பிறகு இரண்டு வாயையும் அடைத்து, ஒன்றரை பார் காற்று கொடுத்து, பஞ்சர் கடையில் டியூபை முக்குவது போலத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா பாருங்கள். அழுத்தத்தைக் குறைத்து விடும் ரெகுலேட்டர் இல்லாமல் கம்ப்ரஸர் காற்றை நேராகத் திறந்துவிட்டால் இன்டர்கூலரின் தொட்டி பிளக்கும், அடைப்பு எகிறி முகத்தில் அடிக்கும். அப்புறம் உலர்த்துவது. காற்றடித்துவிட்டு வெயிலில் வையுங்கள், நான் ஒரு இரவு முழுக்கக் கவிழ்த்தே வைப்பேன். வண்டி இன்றைக்கே வேண்டும் என்று நிற்கிற ஓனரிடம் நாளைக்கு வாங்கண்ணே என்று சொல்லப் பழகுங்கள். வெளிப்பக்கம் ஃபின்னுக்குக் குறைந்த பிரஷரில், எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி அடித்தால் போதும்.

பழைய 3 லிட்டர் ஃபார்ச்சூனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போனட்டில் இருக்கும் அந்தத் திறப்பு அழகுக்கு இல்லை, இன்டர்கூலர் அதற்கு நேர் கீழேதான் படுத்திருக்கிறது. வேப்பமரத்தடியில் நிறுத்தினால் சருகெல்லாம் அதன் மேல்தான். அதற்காக ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிடாதீர்கள்.

கடைசியாக, பட்டறைத் தம்பிகளுக்கு. இன்டர்கூலர் வெளியே இருக்கும்போது தூசி போகாமல் ஹோஸ் வாயில் பனியன் வேஸ்ட்டைத் திணிக்கிறீர்கள், நல்ல பழக்கம்தான். எத்தனை திணித்தீர்கள் என்று எண்ணி வையுங்கள். அந்த மூன்று வண்டிகளில் ஒன்றில் நான் வெளியே இழுத்தது ஒரு முழம் சிவப்புத் துணி.