படகுக்குள் அடைபட்ட கடற்கரைக் காற்று

கொடைக்கானல் ஏரி தானாக உண்டானதல்ல. மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் கரை கட்டி நீரைத் தேக்கியதால் வந்தது. ஏரியில் விட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து அவர் வரவழைத்தார் என்று ஊர் வரலாறு சொல்கிறது. அப்போது தூத்துக்குடிக்கு ரயில் கிடையாது. வத்தலக்குண்டிலிருந்து காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று இன்று நாம் ஏறும் சாலையும் கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து ஏறும் குதிரைப் பாதைதான். எந்தச் சாமானும் ஆள் தோளிலோ விலங்கின் முதுகிலோதான் மேலே வந்தாக வேண்டும்.

தூக்கியவர்களின் பாடு பெரும்பாடு. ஆனால் அந்தக் காலத்துத் திறந்த மரப்படகுக்கு இல்லாத ஒரு தொல்லை இன்றைய ஃபைபர் பாய்மரப் படகுக்கு உண்டு. அது தன் வயிற்றுக்குள் காற்றை அடைத்து வைத்திருக்கிறது.

லேசர் என்ற வகையை எடுத்துக்கொள்வோம். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இதன் சிறிய பாய் கொண்ட வடிவம். நீளம் 4.2 மீட்டர், உடல்பகுதி மட்டும் 59 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். பாய்மரம் இரண்டு துண்டாகக் கழன்றுவிடும். அடிப்பகுதியையும் மேல்தளத்தையும் தனித்தனியாக வார்த்து, ஓரத்தில் பசையால் ஒட்டியிருப்பார்கள், நடுவில் காலியிடம். கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பது அந்தக் காலியிடத்தில் உள்ள காற்றால்தான்.

இதை டிரெய்லரில் ஏற்றித் தூத்துக்குடியிலிருந்து கிளம்பினால், மதுரை வரையிலான நான்குவழிச் சாலையில் ஒரே ஒரு விஷயம் முக்கியம். எடையின் மையம் டிரெய்லரின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை காரின் கொக்கியை அழுத்துவது நல்லது. மாறாக எடை பின்னால் போய்விட்டால், முந்திச் செல்லும் ஆம்னி பஸ்ஸின் காற்று லேசாகத் தட்டினாலே டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டம் அடங்காமல் வளரும். படகை ஒரு சாண் முன்னால் தள்ளிக் கட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கட்டும் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் ரீங்காரமிடாது. வலு இருக்கிறது என்று இழுத்து இறுக்கக் கூடாது. தண்ணீர் படகை அடிப்பகுதி முழுக்கப் பரவலாகத் தாங்குகிறது. டிரெய்லரோ இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தாங்குகிறது. இறுக்கிய பட்டை அந்த இடங்களில் அடிப்பகுதியைக் குழியவைத்துவிடும்.

காட்ரோடு தாண்டியதும் வேகத்தின் கவலை போய் வளைவின் கவலை வருகிறது. இழுபடும் வண்டி, இழுக்கும் வண்டியின் தடத்தில் வராது; உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு என்பதைப் பள்ளிக்கூட பிதாகரஸ் தேற்றமே சொல்லிவிடும். கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சு 4.5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைப்போம். கொக்கி 10 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் டிரெய்லர் சுமார் 8.9 மீட்டர் ஆரத்தில் வரும். ஒரு மீட்டர்தான் வித்தியாசம். அதே கொக்கி 7 மீட்டரில் திரும்பினால் டிரெய்லர் 5.4 மீட்டருக்குச் சுருங்கிவிடும். ஒன்றரை மீட்டருக்கு மேல் உள்ளே! உள்பக்கம் என்பது ஒரு வளைவில் மலைச்சுவர், அடுத்த வளைவில் சாலையோர வாய்க்கால். அதனால்தான் கொண்டை ஊசி வளைவில் முடிந்தவரை வெளியோரம் போய்ப் பிறகு ஒடிக்கிறார்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது விதி. இறங்கும் வண்டிகள் எல்லாம் அதை நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

இனி அந்தக் காற்று.

கொடைக்கானலுக்கு வாங்கிப்போன சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வரும்போது உப்பிப்போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாக்கெட்டுக்குள் சமவெளிக் காற்று, வெளியே மலைக்காற்று. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 2100 மீட்டர் உயரத்தில் அது 78 அல்லது 79-க்கு இறங்கிவிடும். வித்தியாசம் 22 கிலோபாஸ்கல் என்றால் சின்னதாகத் தோன்றும். ஒரு சதுர அடிக்கு எடையாக மாற்றினால் 200 கிலோவுக்கு மேல் வருகிறது. லேசரின் மேல்தளத்தை 3 சதுர மீட்டர் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் மொத்தத்தில் சுமார் 7 டன் விசை உள்ளிருந்து தளத்தை மேலே நெட்டுகிறது. தாங்கவேண்டியது ஓரத்துப் பசை. பசை, பக்கவாட்டு இழுப்பை நன்றாகத் தாங்கும். தோல் உரிப்பதுபோல் விளிம்பிலிருந்து பிரிக்கும் விசைக்கு அது பலவீனம். இங்கே நடப்பது இரண்டாவது வகை.

வழியில் குளிர்வதால் கொஞ்சம் தயவு கிடைக்கும். தூத்துக்குடி வெயிலில் 55 டிகிரிக்குச் சூடேறி நின்ற உள்காற்று மலையில் 15 டிகிரிக்கு இறங்கினால் அதன் அழுத்தம் 12 சதவீதம் குறையும். வெளியழுத்தம் குறைவது 22 சதவீதம். பாதிதான் ஈடாகிறது. அதுவும் காலை குளிர்ச்சியில் கிளம்பி உச்சிவெயிலில் மேலே போய்ச் சேர்ந்தால் அந்தத் தயவும் இல்லை.

இதற்காகவே இந்தப் படகுகளில் ஒரு சிறு மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். மழைநீர் போகும், எறும்பு போகும் என்று அதன்மேல் டேப் ஒட்டுகிறவர்கள் உண்டு. கடற்கரையிலேயே வாழும் படகுக்கு அது பெரிய குற்றமில்லை. மலையேறும் படகுக்கு டேப்பை உரித்துவிட்டு, நீர் வடிக்கும் துளையின் தக்கையையும் கழற்றி வைப்பது நல்லது.

ஏரிக்கு வந்த பிறகு அதே கணக்கு திரும்பிக்கொள்கிறது. வெயிலில் காய்ந்த படகைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்காற்று சுருங்கி வெளியே உள்ளதை உறிஞ்சும். துளை எதுவும் திறந்திராவிட்டால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகத் தண்ணீரைத்தான் உறிஞ்சும். டிரெய்லரோடு நீரில் இறக்கும் பெரிய படகுகளில் சக்கர பேரிங்கும் இப்படித்தான் கெடுகிறது. ஓடிச் சூடான பேரிங்குக்குள் இருக்கும் காற்று நீர் பட்டதும் சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே இழுத்து கிரீஸைக் கெடுத்துவிடும். வந்ததும் வராததுமாக இறக்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வருவது மெக்கானிக் தரப்பிலும் சரியான யோசனை.

மிதப்பதில் மாற்றம் உண்டா? உப்பில்லாத நீர் கடல்நீரைவிட 2.5 சதவீதம் லேசானது என்பதால் படகு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக அமிழும். அதைப் பற்றிப் பேசுவதே வீண். பாயில் தெரியும் மாற்றம்தான் நிஜமானது. மலைக்காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் வீசினாலும் தள்ளும் விசை அந்த அளவு குறையும். கீழே 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காற்று தந்த விசையை இங்கே பெற 11 நாட் வேண்டும். விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இவ்வளவோடு தப்பித்தோம். நட்சத்திரம்போல் கை பிரிந்து, சுற்றிலும் மரமடர்ந்த சரிவுகள் நிற்கும் ஏரியில் காற்று எந்தக் கையிலிருந்து வரும் என்பது வேறு பிரச்சினை.

இறங்குவதுதான் எனக்குப் பயமான பகுதி. ஆள், சாமான், டிரெய்லர், படகு எல்லாம் சேர்ந்து 2 டன் என்று வைத்தால், 1800 மீட்டர் இறங்கும்போது 35 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போய்த் தொலைய வேண்டும். 30 டிகிரியில் உள்ள 120 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. முழுதும் பிரேக் தட்டில் இறங்கினால், வெப்பம் பிரேக் எண்ணெய்க்குப் பரவும். டாட் 3 வகை எண்ணெய் புதிதில் 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குமிழி. எண்ணெய் நசுங்காது, குமிழி நசுங்கும். மிதித்த மிதி குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்து, பெடல் தரையைத் தொடும். நீலகிரியில் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை வந்ததன் பின்னணியில் இதுவும் உண்டு. சிறிய டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் சொந்த பிரேக் கிடையாது. வளைவில் கார் நிதானித்தாலும் அது பின்னாலிருந்து தள்ளும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கினால் அந்த வெப்பத்தில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

படகு இப்போது எதிர்த்திசையில் நசுங்குகிறது. மேலே 15 டிகிரியில் மூடிய படகு, கீழே 35 டிகிரிக்கு வந்தால் உள்ளழுத்தம் 84 கிலோபாஸ்கல், வெளியழுத்தம் 101. ஆகவே தக்கை திறந்தபடியே தூத்துக்குடி வரை வந்து, நீரில் விடுவதற்குச் சற்றுமுன் மூட வேண்டும். மலைக்குப் போய்வந்ததில் பசை விட்டிருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். துளையில் ஒரு ரப்பர் குழாயை வைத்து வாயால் ஊதி, ஓரம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் பூசினால், விட்ட இடத்தில் குமிழி வரும். வாயால் ஊதும் அழுத்தம் மலைப்பாதை தந்ததில் பாதிகூட இருக்காது, அதுவே போதும். பங்சர் கடைக் கம்ப்ரசரை மட்டும் வைத்துவிடாதீர்கள், ஒட்டியிருந்த இடமும் விட்டுவிடும்.